பத்திரிகை அடிக்கணும் மாமா

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாரத்தில் கடையைத் திறக்காத ஒரே நாளில், அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அவசரமா ஒரு பத்திரிகை டிசைன் பண்ணணும். அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லிடாதீங்க."

இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட தாய்மாமனின் கதி என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கும்பகோணத்தில் 18 வருடமாக டிடிபி கடை வைத்திருப்பவன். எங்கள் கடையில் பத்திரிகை என்றால் மஞ்சள் தடவிக் கொடுப்பது, அவ்வளவுதான், வேறு அர்த்தமே கிடையாது. பாப்பாவுக்கு வயது 20, திருச்சியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், வீட்டில் இன்னமும் பாப்பாதான். "பையன் யாரு?" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன், இருந்தும் அடுப்படியில் என் மனைவி கரண்டியை மெதுவாகக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பையன் இல்ல மாமா. பேய்."

அப்புறம்தான் விஷயம் வந்தது. கல்லூரியில் பேய்ப் படம் ஒன்றைக் கற்பனை செய்து அதற்கு 2 நிமிட ட்ரெய்லர், ஒரு போஸ்டர், அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்ட சினிமாப் பத்திரிகையின் முன்னட்டை, மூன்றையும் செய்து கொடுக்க வேண்டுமாம். படத்தின் பெயர் 'கொல்லைப்புறம்'. பத்திரிகையின் பெயர் 'கொட்டகை'. இரண்டும் இல்லாத சமாச்சாரம். டிசைன் செய்ய வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், மாமாவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மாமாவின் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் இரண்டே ஃபோல்டர். ஒன்றில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கும்பாபிஷேகம். மற்றதில் கண்ணீர் அஞ்சலி. 18 வருடத்தில் மூன்றாவது ஃபோல்டருக்குத் தேவை வந்ததே இல்லை.

சினிமாப் பத்திரிகை என்றால் எனக்குத் தெரிந்தது, சின்ன வயதில் முடிவெட்டக் காத்திருக்கும்போது சலூனில் புரட்டிய பேசும் படமும் பொம்மையும்தான். பொம்மையை நடத்தியது நாகிரெட்டி. 1947 முதல் அம்புலிமாமா வந்ததும் அவர்கள் குடும்பத்திலிருந்துதான். அதாவது மாதாமாதம் நடிகை முகத்தை அட்டையில் போட்ட அதே வீட்டிலிருந்து மாதாமாதம் வேதாளமும் வந்துகொண்டிருந்தது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடந்து போவது, அதற்கு மேல் பயமுறுத்தும் படம் ஒன்று உண்டா? "அந்த மாதிரி வரையலாமே பாப்பா" என்றேன். "மாமா, போட்டோதான் இருக்கணும், கேமராவைப் பார்த்துட்டு இருக்கணும், பத்திரிகைப் பேரை தலை கொஞ்சம் மறைக்கணும்" என்று வகுப்பெடுத்தாள். பேர் ஏன் உச்சியில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டிக்கடையில் கயிற்றில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கும்போது மேல் பாதிதானே தெரியும்.

படப்பிடிப்பு சுவாமிமலைப் பக்கம் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில். நிஜமாகவே அங்கே கிணறு, மாட்டுக்கொட்டகை, இருட்டு எல்லாம் இருக்கின்றன. பேய் வேடம் பாப்பாவே போடுகிறாள். அதற்கு வெள்ளைப் புடவை வேண்டும் என்றதும் என் அம்மா திண்ணையிலிருந்து எழுந்துவிட்டார். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு வெள்ளைச் சீலை கட்டுறதா? அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துல?" அக்காவிடம் சொல்லக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணமாம். ஒரு மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, முழு வெள்ளை கிடையாது, ஜரிகைக் கரை போட்ட கேரளா செட் சேலை கட்டிக்கொள்ளலாம், தலையை விரித்துக்கொள்ளலாம் ஆனால் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. முதல் போட்டோவைப் பார்த்தேன். ஓணம் வாழ்த்து அட்டை.

சரி, ரத்தம் இருந்தால் சரியாகிவிடும் என்றாள் அவள் தோழி. ஹிட்ச்காக் 1960-இல் சைக்கோ எடுத்தபோது ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்தான் ஊற்றினார் என்று ஆதாரம் வேறு காட்டினாள். அது கறுப்பு வெள்ளைப் படம் தாயே, அதில் எதை ஊற்றினாலும் ஓடும். எங்களுக்குக் கலர் வேண்டும், சுவாமிமலையில் ராத்திரி ஏழு மணிக்குக் கிடைத்தது குங்குமமும் தேனும். குழைத்து நெற்றியிலிருந்து வழிய விட்டார்கள். இப்போது செட் சேலை, விரித்த கூந்தல், மல்லிகை, நெற்றி நிறையக் குங்குமம். எதிர்வீட்டு அத்தை கறிவேப்பிலை பறிக்க வந்தவர் கிணற்றடியில் இதைப் பார்த்துக் கூச்சல் போடுவார் என்று எல்லோரும் ஆவலாக இருந்தோம். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா, எம்பையனுக்கு எப்ப வேலை கெடைக்கும்?" என்று கேட்டார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். பேய் கொஞ்சமும் அசராமல் "ஆடி கழியட்டும்" என்றது. அத்தை கறிவேப்பிலையோடு திருப்தியாகப் போய்விட்டார். தேனுக்கு எறும்பு வந்த பிறகுதான் பாப்பாவின் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. எனக்குக் கடைசியில் உபயோகப்பட்ட படம் அதுதான்.

வெளிச்சம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தோழி தரையில் படுத்துக்கொண்டு போன் டார்ச்சை மோவாய்க்குக் கீழே இருந்து அடித்தாள். பிறந்ததிலிருந்து நாம் முகங்களைப் பார்ப்பது வெயிலிலோ ட்யூப்லைட்டிலோ, வெளிச்சம் மேலே இருந்துதான் விழும், மூக்கின் நிழல் உதட்டுப் பக்கம் இறங்கும். அதைத் தலைகீழாக்கினால் தூக்கி வளர்த்த குழந்தையின் முகமே அந்நியமாகிவிடுகிறது. எனக்கே ஒரு கணம் திக்கென்றது. அந்த நேரம் பார்த்து "மாமா, கொசு" என்றது முகம்.

திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்தேன். புது ஃபைல் திறப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை, பழைய ஃபைலைத் திறந்து சேவ் ஆஸ் கொடுப்பதுதான். ஏ4 அளவில் போன மாதம் செய்த கும்பாபிஷேக அழைப்பிதழ் இருந்தது. கோபுரத்தை அழித்தேன், யானையை அழித்தேன், உபயதாரர் பட்டியலை அழித்தேன். பாப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை உள்ளே இழுத்தால் தபால்தலை மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்தது. ஏ4 அட்டையை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அடிக்க 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வந்தது 1200க்கு 1600. பெரிதாக்கினால் பேய்க்கு முகப்பரு வந்ததுபோல் கட்டம் கட்டமாகிறது. கல்யாண வீட்டுக்காரர்களிடம் வருடக்கணக்காகச் சொல்லும் அதே வசனத்தை இவளிடமும் சொன்னேன்: "போட்டோவா அனுப்பாதே, டாக்குமென்ட்டா அனுப்பு."

அடுத்து எழுத்து. அவள் யூனிகோடில் அனுப்புகிறாள், நான் காலமெல்லாம் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் தட்டியவன், என் ஃபோட்டோஷாப்போ பழசு. 'கொல்லைப்புறம்' என்பதை ஒட்டினேன். க தனியாக நிற்கிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றி அலைகின்றன. 'கொட்டகை'யிலும் அதே கூத்து. செட்டிங்ஸில் எழுத்துப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவசரப்பட்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தேன். "மாமா செம! பேய்க்குக் கால் இல்லைன்னு காட்டுறீங்களா?" என்று பதில் வந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். 18 வருட அனுபவம் விடவில்லை, சரி செய்துவிட்டேன்.

முதல் வடிவம் செவ்வாய்க்கிழமை தயார். கறுப்புப் பின்னணி. நடுவில் பாப்பாவின் படம், ஓரங்கள் மெல்லக் கரைந்து போகும்படி. கீழே பெரிய எழுத்தில் பெயர். பத்திரிகை என்றால் மலர், இதழ், தேதி எல்லாம் வேண்டுமே, படத்துக்கு இடப்பக்கம் 'மலர் 1 இதழ் 1' என்றும் வலப்பக்கம் தேதியையும் போட்டேன். பார்க்கக் கச்சிதமாக, ஏதோ ஏற்கெனவே பார்த்தது போல, மனதுக்கு நிறைவாக இருந்தது. குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லக் கூடாது என்பது அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துபோனது.

நான்கு நிமிடத்தில் அக்காவிடமிருந்து போன். எடுத்ததும் அழுகைதான். "எம்புள்ள ஆஸ்டல்ல சோறு தின்னுக்கிட்டு இருக்குடா பாவி! அதுக்குள்ள போஸ்டர் அடிச்சுட்டியே!" பின்னணியில் அத்தானின் குரல், யாரோ தண்ணீர் கேட்பது, எல்லாம் கேட்கிறது. திரையை மறுபடி பார்த்தேன். கறுப்பு, நடுவில் கரையும் முகம், இரண்டு பக்கமும் தேதி மாதிரி எண்கள். தோற்றம், மறைவு. இரண்டே ஃபோல்டர் வைத்திருப்பவனின் கை வேறு எங்கே போகும்? 'விரைவில்' என்று அடியில் போட்டிருந்தது வேறு நிலைமையை மோசமாக்கியிருந்தது. பாப்பாவை வீடியோ காலில் காட்டிய பிறகும் அக்கா நம்பாமல், "கையை ஆட்டு" என்று சொல்லிச் சோதித்துப் பார்த்தாளாம். மூன்று மாணவர்கள், ஒரு கிணறு, இத்தனை தேன் சேர்ந்து கிளப்ப முடியாத பயத்தை நான் ஒரே படத்தில் கிளப்பியிருக்கிறேன் என்று பாப்பா சொன்னதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் பாப்பா போனில் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். முகத்தை நடுவிலிருந்து தள்ளு, பாதியை வெட்டு, ஒரு கண் மட்டும் வாசகனைப் பார்க்கட்டும், கூந்தல் 'ட்ட' மேல் விழட்டும். அஞ்சலி வாடை போக வேண்டுமென்றால் வம்பு வேண்டும் என்பது என் யோசனை. செத்துப்போனவர் போஸ்டரில் யாரும் கிசுகிசு போடுவதில்லையே. 'பேய்க்கு மேக்கப் போட்டது யார்?', 'கிணற்றடியில் அந்த 3 மணி நேரம்: இயக்குநர் மனம் திறக்கிறார்' என்று இடது ஓரமாக அடுக்கினோம். வலது மூலையில் மஞ்சள் வட்டத்துக்குள், 'இந்த இதழுடன் எலுமிச்சம்பழம் இலவசம்'. இது என் சொந்தச் சரக்கு. பார்கோடுக்கு பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்து ஒட்டினேன், பாப்பா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 890 என்று தொடங்கினால் அது இந்தியக் கம்பெனிச் சரக்கு மாமா, பத்திரிகை என்றால் 977-தான் என்றாள். பேய் இருப்பதை நம்புகிறவர்கள் பார்கோடை நம்ப மாட்டார்களாம்.

பிரிண்ட் போட்டபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் அவள் ஆசை ஆசையாகப் பரவவிட்ட பச்சைப் புகை ஆர்ஜிபி வெளிச்சத்தில் ஜொலித்தது, சிஎம்ஒய்கே என்ற நாலு அச்சு மையில் அந்தப் பச்சை வராது, புதினா சட்னிதான் வந்தது. கறுப்பு மைக்குக் கீழே மற்ற மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தால்தான் இருட்டு இருட்டாக இருக்கும், அதை மறந்ததால் முதல் பிரதியில் பழைய சிலேட்டுப் பலகை நிறம். இரண்டாவதில் கறுப்பு நன்றாக வந்தது, ஆனால் ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடாததால் கட்டிங்கில் எலுமிச்சம்பழம் பாதியாகிவிட்டது. அது அப்படியே நறுக்கிக் குங்குமம் தடவி முச்சந்தியில் போட்டது மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்றாள் பாப்பா. வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன். குரலே சரியில்லை.

"மாமா, வெளிக் கல்லூரியிலேர்ந்து வந்த மேம் அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம், 'உச்சியில, பேருக்கு மேல, மஞ்சள்ல சின்னதா உ போட்டிருக்கே, அது எதுக்கு?'ன்னு கேட்டாங்க."

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. கும்பாபிஷேக ஃபைலில் பிள்ளையார் சுழி மட்டும் லாக் செய்த லேயரில் இருக்கும், தவறி அழிந்துவிடக் கூடாது என்று நானே வருடங்களுக்கு முன்னால் செய்த ஏற்பாடு. நான் பார்க்கவில்லை, பாப்பா பார்க்கவில்லை, குரூப்பில் இருக்கும் 23 பேரும் பார்க்கவில்லை. மளிகைச் சீட்டிலேயே உ போடுகிற குடும்பம், காகிதத்தின் உச்சியில் அது இருப்பது யார் கண்ணில் படும்?

"நீ என்ன சொன்னே?"

"உள்ளே இருக்கிறது வெளியே வராம இருக்க அட்டைக்குப் போட்ட காப்புன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப நல்ல கான்செப்ட்னு எழுதிக்கிட்டாங்க மாமா. ட்ரெய்லர்லயும் போஸ்டர்லயும் அதே உ வரணுமாம், மூணும் ஒரே மாதிரி இருந்தா இன்னும் மார்க் வருமாம், திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அந்த உ-வை மட்டும் தனியா அனுப்புறீங்களா? டாக்குமென்ட்டா."

அனுப்பிவிட்டேன். இப்போது ட்ரெய்லர் தொடங்கியதும் எங்கள் கொல்லைக் கிணற்றுக்கு மேலே மஞ்சளாக ஒரு பிள்ளையார் சுழி மிதக்கிறது. கும்பாபிஷேகக் கமிட்டிக்கு இன்னும் நான் சொல்லவில்லை.