பூஜ்ஜிய வரியும் கலப்பு உப்பும்

திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உப்புதான். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பைக் கொட்டியாக வேண்டும். துணி கப்பலேறிய பின்னும் உப்பு கழிவுநீரோடு இங்கேயே தங்கிவிடுகிறது.

பாசனத்துக்காக 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாகி, நொய்யல் கரை விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. நம்மிடம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வளர்ந்த நாடுகள் வைத்திருந்த ஜவுளி இறக்குமதிக் கோட்டா முறை 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்தபோது, ஏற்றுமதியாளர்கள் பெருகப்போகும் ஆர்டர்களைக் கணக்கிட்டார்கள். ஆற்றைக் கணக்கில் எடுத்தவர் குறைவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், ஒரு சொட்டும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறையை எல்லோரும் மெய்யாகவே கையில் எடுத்தார்கள்.

அந்த முறை மலிவானதல்ல. கழிவுநீரை உயிரியல் தொட்டிகளில் தெளியவைத்து, ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்திப் பிரித்து, நல்ல நீரைப் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்பிய பின், எஞ்சும் அடர்ந்த உவர்நீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டியிருக்கிறது. பம்புகளுக்கு மின்சாரம், பாய்லருக்கு விறகு. இறுதியில் மிஞ்சும் கலப்பு உப்பைச் சாயம் போடவும் பயன்படுத்த முடியாது, மண்ணில் கொட்டவும் கூடாது. கொட்டகையில் மூட்டைகளாக அடுக்கினால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்குகிறது.

2025 ஜூலையில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நம் ஆடைகளுக்கு அங்கே வரி இருக்காது என்று ஊரே மகிழ்ந்தது. ஏற்றுமதி நிறுவனமொன்றில் வாங்குபவரோடு விலையும் ஆர்டரும் பேசும் மெர்ச்சன்டைசராக இருக்கும் நண்பர் மட்டும், "வரி போனா பையர் அதையும் விலையில கழிக்கச் சொல்லுவான்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நூல், நிட்டிங், டையிங், தையல் என்று பிரித்து எழுதும் விலைக்கணக்கில் சுத்திகரிப்புக்கென்று தனி இனம் கிடையாது. அது டையிங் கூலிக்குள் மறைந்திருப்பதால், பேரத்தில் முதலில் அடிபடுவதும் அதுவே. கூலி கட்டுப்படியாகாதபோது ஓவர்டைம் சம்பளம் இழுபடுகிறது, அனுமதியற்ற பட்டறைகள் இரவில் ஓடையைத் தேடுகின்றன.

சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட 4 நாடுகளோடு 2024 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளர் நலனுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் தகராறு தீர்க்கும் நடைமுறை அதற்குப் பொருந்தாது. வரிச்சலுகையை மறுத்தால் நடுவர் மன்றம் வரை போகலாம். ஆறு கெட்டால் கலந்து பேசலாம், அவ்வளவுதான். விட்டுக்கொடுக்கப்படும் வரியில் ஒரு பங்காவது கிலோ துணிக்கு இவ்வளவு என்று சுத்திகரிப்புக்கு வந்து சேர, வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.