அல்சூர் நாயனக்காரர் கடை

பெங்களூரில், அல்சூர் கடைத்தெருவிலிருந்து சோமேசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில் இருந்த அந்தச் சலூனுக்குப் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கும். முடி வெட்டுபவர் நாயனமும் (நாகசுரம்) வாசிப்பவர் என்பதால் நம் எல்லாருக்கும் அது நாயனக்காரர் கடைதான். 1980-களில் நம் பள்ளியில் படித்த பையன்களில் அங்கே தலையைக் கொடுக்காதவன் குறைவு. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் நம்மை ஏற்றி உட்கார வைப்பார். பலகை வேண்டாம் என்று அவர் சொல்லும் நாள் வந்தால் மறுநாள் வகுப்பு முழுக்க அதே பேச்சு.

கடையைத் தொடங்கியவர் அவருடைய அப்பா. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அல்சூர் இருந்த பட்டாளப் பகுதியான கண்டோன்மென்ட் தனி நிர்வாகமாக இருந்த காலம் அது. 1949-இல்தான் அதுவும் பெங்களூர் நகரமும் ஒரே மாநகராட்சியாயின. ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இருந்ததால், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் நிறையப் பேர் வாடிக்கை. பின்கழுத்தில் மெஷின் ஓட்டி ஒட்ட வெட்டும் பட்டாள கிராப்பைத்தான் நம் அப்பாக்களும் நமக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். காதுக்கு மேல் கொஞ்சம் விடச் சொல்லிக் கெஞ்சினால், "உங்கப்பா என்னைத்தானே கேப்பாரு, தம்பி" என்பார். அப்புறம் கொஞ்சம் விடவும் செய்வார்.

கண்ணாடிக்கு மேலே ஒரு தட்டு. அதில் குட்டிக்கூரா பவுடர், படிகாரக் கட்டி, துணி சுற்றிய நாகசுரம். கத்தி தீட்டும் தோல்வார் தொங்கும் ஆணியிலேயே, நாகசுரத்தின் முனையில் வைத்து ஊதும் சீவாளிகளின் கொத்தும் தொங்கும். சீவாளி திருவாவடுதுறையிலிருந்து வரும், அங்கே செய்வதுபோல் வேறெங்கும் வராது என்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில்களில் நாகசுரம் பெரும்பாலும் இசை வேளாளர் கையில் இருந்தது. வடக்கே வர வர, நம் பெங்களூரிலும், முடி திருத்தும் குடும்பங்களே அதைக் கற்று வாசித்துவந்தன. அவருக்குத் தவில் வாசித்தவர் கன்னடக்காரர். சிவாஜிநகரில் அவருக்கும் ஒரு சலூன் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அன்றுதான் நாகசுர சாதகம். பாதி இறக்கிய கதவுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாம் பள்ளிக்கு நடப்போம். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை ராகத்தில் வாசிக்கும் மல்லாரி என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது எந்த இசைப் பள்ளியிலும் இல்லை, அந்தக் கதவுக்கு வெளியேதான்.

சித்ரா பௌர்ணமி பூப்பல்லக்கு இரவை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுற்றுப்பட்ட கோயில்களின் பல்லக்குகள் பூவால் மூடி வரிசையாக வரும். சுவாமி புறப்படும்போது மல்லாரி எடுப்பார். பட்டுக்கரை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக நிற்கும் அவரை அன்று யாரும் ஒருமையில் பேச மாட்டார்கள். மற்ற நாட்களில் பேசினார்கள். அவரைவிட வயதில் இளையவர்கள்கூட "டேய், வாடா" என்றார்கள். துக்க வீட்டுச் சவரத்துக்குக் கூப்பிட்டால் கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். கூலியைக் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்தார்கள். நம் தெருவின் பெருமைகளை எழுதும் இந்த மலரில் இதையும் எழுதியாக வேண்டும். சுவாமிக்கு முன்னால் நடந்தவரை நம் வாசற்படிக்கு வெளியே நிறுத்தியது பெரிய அநியாயம்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். தண்ணீர்ப் பங்கீட்டுக்கான காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதை ஒட்டி நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. நாயனக்காரர் கதவை இறக்கிவிட்டார். அன்று சாயங்காலம் அந்தத் தவில்காரர் சைக்கிளில் வந்து, கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களிடம் கன்னடத்தில் "இது என் கடை" என்று சொல்லியிருக்கிறார். இரவு முழுக்க அங்கேயே இருந்தார். பிறகு பெயர்ப் பலகையில் கன்னடம் மேலே வந்தது, தமிழ் கீழே போனது. அடுத்த சித்திரையில் இருவரும் சேர்ந்துதான் பல்லக்குக்கு முன்னால் வாசித்தார்கள்.

அந்த வருடங்களில்தான் கத்தியும் மாறியது. எய்ட்ஸ் பயம் பரவ, தோல்வாரில் தீட்டும் கத்தியை எடுத்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு புது பிளேடைப் பாதியாக உடைத்துப் பொருத்தினார். யாரும் கேட்பதற்கு முன்பே உறையைக் கண் முன்னால் பிரித்துக் காட்டுவார்.

2011-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது கடை அவர் மகன் கையில் இருந்தது. சுழல் நாற்காலியும் குளிர்சாதனமும் வந்திருந்தன. மகனுக்கு நாகசுரம் கைவரவில்லை. பேத்தி கற்றுக்கொள்கிறாள் என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெரியவர் இப்போது இல்லை. அவர் வாசிப்பை முறையாகப் பதிவு செய்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நம்மில் பலர் வீட்டுக் கல்யாணங்களில் அவர்தான் வாசித்தார், அப்போதே கேசட்டிலும் வீடியோவிலும் பிடித்தோம். லண்டனோ டொராண்டோவோ சிட்னியோ, பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் மட்டும் கிடைத்தாலும் போதும், மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். பேத்தியிடம் சேர்ப்பது என் பொறுப்பு.