குடும்ப வரலாறு: இல்லை

என் தம்பியின் நோய்க்குச் சரியான பெயர் கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். பழியில் பாதி என்னைச் சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியை யார் யார் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது போகப் போகத் தெரியும். தம்பி இதை இரண்டு முறை படித்துப் பார்த்து, பெட்டிகளின் எண்ணிக்கையைத் திருத்திக் கொடுத்த பிறகுதான் பகிர்கிறேன். ஏழு இல்லையாம், ஆறுதானாம்.

அவனுக்கு அப்போது 26 வயது. மூன்று மாதமாகப் படுக்கையே கதி. குளிப்பதில்லை, சாப்பாடு பாதி, கேட்டதற்குத் தலையாட்டல் மட்டும். வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் அழைத்துப்போனோம். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார். தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்ந்து கிடக்கலாம் என்பதால் அது சரியான முதல் படி. எல்லாம் சீராக இருந்தன. பிறகு பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27, தம்பிக்கு 19. மனச்சோர்வு என்று மாத்திரை எழுதித் தந்தார். இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை அந்தப் படிவம் கேட்காத கேள்வியில் இருந்தது. ஒன்பது கேள்விகளும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை; ஒன்பதும் கீழே விழுந்தவனைப் பற்றியவை. இவன் எப்போதாவது அளவுக்கு மீறி மேலே போயிருக்கிறானா என்று கேட்க அதில் இடமே கிடையாது. கேட்டிருக்க வேண்டியவர் மருத்துவர், அவர் கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான், எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் தம்பி எழுந்து உட்கார்ந்தான். நான்காவது வாரத்தில் உட்காரவே இல்லை. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், வீட்டிலுள்ள அலமாரிக் கதவுகள் எல்லாவற்றையும் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறான். தரையில் செய்தித்தாளை விரித்து, திருகாணிகளை நீளவாரியாக வரிசையாக அடுக்கியிருக்கிறான். "கீல் எல்லாம் தப்பான பக்கம் மாட்டியிருக்கிறது அக்கா, இவ்வளவு நாள் யாருமே கவனிக்கவில்லை" என்று சிரித்தான். அம்மா என் காதில், "பிள்ளை பிழைத்துக்கொண்டான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாத்திரை வேலை செய்கிறது என்று மருத்துவருக்குத் தொலைபேசியில் நன்றி வேறு சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு ஒரே வாரத்தில் ஆறு பயணப் பெட்டிகள் வாங்கினான். இரவு இரண்டு மணி நேரத் தூக்கம், பகலில் நிற்காத பேச்சு. கடைசியில் வானொலி அறிவிப்பாளர் தனக்குத்தான் ரகசியமாகச் செய்தி சொல்கிறார் என்று நம்பத் தொடங்கினான். தடுத்தபோது என்னைத் தள்ளினான். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம்.

அங்கே நடந்ததுதான் என் பங்குப் பழி. பணியில் இருந்த இளம் மருத்துவர் ஓடிக்கொண்டே கேள்வி கேட்டார். "இப்போது ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" நான் அழுதுகொண்டிருந்தேன். மாத்திரையின் பெயர் வாயில் வரவில்லை. "பெரிதாக எதுவும் இல்லை" என்றேன். "குடும்பத்தில் யாருக்காவது மனநோய்?" அம்மா சட்டென்று, "யாருக்கும் இல்லை" என்றார். இரண்டு "இல்லை"களும் தாளில் ஏறின. பதினொரு நாள் கழித்து அவனை வீட்டுக்கு அனுப்பியபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த வார்த்தை: மனச்சிதைவு. நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் ஸ்கிசோஃப்ரினியா நோய். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறியை நான் மதிக்கவில்லை. மருத்துவர்கள் அதைத் தற்காலிகமாகப் போடுகிறார்கள், பார்த்துக்கொண்டே இருந்துதான் உறுதிசெய்வார்கள் என்பதை யாரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உறவினர்களிடம் வேறு சொல்லிவிட்டேன். உடனே ஆளுக்கொரு காரணம் கிளம்பியது. கைப்பேசி, காதல் தோல்வி, அதிகம் படித்தது, அம்மாவின் செல்லம், அப்பா இல்லாத வளர்ப்பு. சொன்னவர்களில் ஒருவர்கூட ஒருநாள் வந்து அவன் பக்கத்தில் உட்காரவில்லை. உங்கள் வீட்டுத் தாளிலும் கேள்விக்குறி இருந்தால், அது நீங்கும் வரை யாரிடமும் எதையும் சொல்லாதீர்கள்.

மருந்தால் அமளி அடங்கியது, ஆனால் தம்பி மரத்துப்போனான். தெரிந்த ஒருவர் சொல்லி மூன்றாவதாக ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் கேட்டோம். முன்பதிவு மேசையில் இருந்தவர் எங்கள் சம்மரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டாவது பக்கம் எங்கே? என்னென்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில்தானே இருக்கும்? அது இல்லாமல் டாக்டர் பார்க்க மாட்டார்" என்று திருப்பித் தந்தார். அப்போதுதான் கவனித்தேன், முதல் பக்கத்தின் அடியில் "பக்கம் 1/2" என்று இருந்தது. மூன்று மாதமாக அரைத் தாளை முழுத் தாள் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறேன்.

பழைய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். "நேரில் வாருங்கள்." இரண்டு பஸ் மாறிப் போனேன். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்; என் கைக்கு எட்டும் தூரம்தான். "நோயாளி வந்திருக்கிறாரா?" "இல்லை, நான் அக்கா." "நோயாளியின் கையெழுத்திட்ட கடிதம்?" இல்லை. கோப்பு மறுபடி அடுக்குக்குப் போயிற்று. கெஞ்சினேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டினேன். ஆறிய பிறகு யோசித்தால் அந்த விதியில் தப்பில்லை. தம்பி வயது வந்தவன். அவன் மனத்தைப் பற்றிய தாள்களை, அக்கா என்று சொல்லிக்கொண்டு வருகிறவளிடம் எல்லாம் தூக்கிக் கொடுக்கக் கூடாதுதான். என் கோபம் "நேரில் வாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்ட குரலின் மேல். "கடிதத்தோடு வாருங்கள்" என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தால் ஒருநாள் மிச்சம். தம்பியிடம் கடிதத்தை நீட்டியதும், வெகுநாள் கழித்து முழு வாக்கியமாக ஒன்று சொன்னான்: "என்னையும் ஒரு வார்த்தை கேட்கிறார்களா, பரவாயில்லையே." இரண்டாவது முறை போனபோது பத்து நிமிடத்தில் எல்லாத் தாள்களும் கைக்கு வந்தன. கேஸ் ஷீட் முழுவதையும் நகல் கேட்டு வாங்கினேன். நீங்களும் சம்மரியோடு நிற்காதீர்கள்.

மூன்றாவது மருத்துவர் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினார். முதலில் தம்பியோடு தனியாகப் பேசினார், பிறகு எங்களோடு, பிறகு எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தார். சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று எங்கள் முன்னாலேயே நேரடியாகக் கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். கேட்பதால் வருவதில்லை, சொல்ல ஒரு வழி திறக்கிறது என்றார். தம்பி சொன்னான். அது எங்களுக்குப் புதுச் செய்தி.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நடுவே நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறந்ததிலிருந்து இன்று வரை. கோட்டுக்குக் கீழே சோர்வுக் காலங்களைக் குறித்தார். "மேலே?" என்று பேனாவை என் பக்கம் திருப்பினார். மாத்திரை சாப்பிட்ட பின் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை மாத்திரையின் பெயர், தேதி, சீட்டு எல்லாம் கையில் இருந்தன. "அதற்கு முன்பு?" இல்லை டாக்டர், இவன் ரொம்ப அமைதி என்றேன். அவர் கேள்வியை மாற்றினார். "தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல் இருந்த நாள்கள் உண்டா?"

பதில் தம்பியிடமிருந்து வந்தது. 19 வயதில், விடுதியில். பன்னிரண்டு நாள். இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருக்கிறான். சைக்கிளை விற்று எல்லோருக்கும் புத்தகம் வாங்கித் தந்திருக்கிறான். முதல்வர் அறைக்குள் புகுந்து பாடத்திட்டத்தையே மாற்றச் சொல்லி, விடுதியை விட்டு அனுப்பப்பட்டிருக்கிறான். வீட்டில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் திமிர். அந்தப் பெயரை வைத்து ஏழு வருடம் மூடிவைத்திருந்தோம். அப்போது அவன் எந்த மருந்தும் சாப்பிடவில்லை.

மருத்துவர் அதைக் கோட்டின் மேலே குறித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். "எங்கள் அண்ணன்…" என்றார். மாமா வெளியூரில் இருக்கிறார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஒரே வாரத்தில் கடன் வாங்கி வண்டி வண்டியாக மரம் வாங்கிக் குவித்தாராம். பிறகு மாதக்கணக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாராம். "அவருக்கு ஏதோ உப்பு மாத்திரை கொடுத்தார்கள் டாக்டர். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உப்பு மாத்திரை என்றால் லித்தியம் அம்மா, மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்காமல் பிடித்து வைக்கிற மருந்து. இதை யாரும் முன்பே கேட்கவில்லையா?" அம்மா, "கேட்டார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நோயின் பெயர் பைபோலார், முதல் வகை. தமிழில் இருமுனையப் பிறழ்வு என்று எழுதுகிறார்கள். அதன் சோர்வு முனை சாதாரண மனச்சோர்வைப் போலவே இருக்கும். பார்வையால் பிரிக்க முடியாது. மறுமுனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலரை அது மேனியா என்கிற மிகையெழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும். மேனியா என்று சொல்ல, குறைந்தது ஒரு வாரம் நீடித்திருக்க வேண்டும் என்கிறது மனநோய்களை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் அந்தக் கணக்கு தேவையில்லை. மருந்தால் கிளம்பியது மட்டும் இருந்தால் சந்தேகம் மிஞ்சும். மருந்தே இல்லாத அந்தப் பன்னிரண்டு நாள்தான் சந்தேகத்தைத் தீர்த்தது. வானொலி விஷயம்? மேனியா உச்சத்தில் இருக்கும்போதும் அப்படிப்பட்ட பொய் நம்பிக்கைகள் வரும். மனநிலை இறங்கியதும் அவையும் போய்விட்டதால் மனச்சிதைவு இல்லை என்றார். இதை உறுதிசெய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. அவை வேறு நோய் இல்லை என்று காட்டத்தான். நோயைக் காட்டுவது நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் கதை. அதில் பாதியைத்தான் இரண்டு இடத்திலும் கொடுத்திருக்கிறோம்.

"எனக்கு ஏன்?" என்று தம்பி கேட்டான். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் ஒரே மரபணு என்று எதுவும் இல்லை; உருவம் ஒத்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு என்றார். தூக்கம் கெடுவது அடுத்த சுற்றைக் கிளப்பும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். வளர்ப்பைப் பற்றி அம்மா கேட்டதற்கு, "இல்லை" என்றார். அந்த ஒரு "இல்லை" தாளில் ஏறவில்லை. அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

சிறுநீரகம், தைராய்டு பார்த்துவிட்டு லித்தியம் தொடங்கினார்கள். பழைய மனச்சோர்வு மாத்திரை இனி வேண்டாம் என்றார்கள். ரத்தத்தில் லித்தியத்தின் அளவு 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் பரிசோதனை வீண். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு தெம்பாகப் போய்விட்டோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டுமாம். ஆய்வகத்தில் கேட்காமலே எடுத்தார்கள், 1.3 என்று வந்தது, இரவு முழுவதும் நடுங்கினோம். மறுமுறை சரியாகப் போனபோது 0.7. தம்பி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட வீடு நம்முடையதுதான்" என்றான். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும், வாந்தி பேதியில் உடல் வறண்டுபோவதையும் எச்சரித்திருக்கிறார்கள்; இரண்டுமே அளவை ஏற்றிவிடும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது தூங்கும் நேரத்தை அவனே ஒரு நோட்டில் குறித்து வைக்கிறான். ஒரு அலமாரிக் கதவு மட்டும் இன்னும் மாட்டாமல் இருக்கிறது. கீல் தப்பான பக்கம்தான் இருந்தது என்று தச்சரும் சொல்லிவிட்டார்.

பழைய மருத்துவமனையின் கோப்பில் இன்னும் "குடும்ப வரலாறு: இல்லை; தற்போதைய மருந்துகள்: இல்லை" என்றே இருக்கிறது. திருத்தம் கேட்டு, தம்பியின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது. நேற்றுத் தொலைபேசியில் கேட்டதற்கு, "நேரில் வாருங்கள்" என்றார்கள்.