எழுந்ததும் பிரஷர் இறங்குகிறவர்கள் ஆய்வில் சேர

எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கும் இந்த நோயில் (orthostatic hypotension), நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைகிறதா என்பதைத்தான் ஆய்வுக்காரர்களும் பெரும்பாலும் பார்ப்பார்கள், அதனால் படுத்தபடி ஒருமுறை, நின்று 1, 3 நிமிடங்களில் என அளந்து குறித்து வைத்திருங்கள். நான் தேடுவது அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் பதிவேட்டில், நோயின் பெயரைப் போட்டு, இப்போது ஆள் சேர்ப்பவை மட்டும் என்று வடிகட்டினால் பட்டியல் நன்றாகக் குறைந்துவிடும். அப்புறம் தகுதி விதிகள்: பார்கின்சன் போன்ற நரம்புக் கோளாறால் இந்த நோய் வந்தவர்களை மட்டும் எடுப்பவை உண்டு, படுத்தால் அழுத்தம் எகிறுகிறவர்களை ஒதுக்குபவையும் உண்டு.

அழுத்தத்தை ஏற்றுவதற்காக நாம் எடுக்கும் மிடோட்ரின் மாதிரி மருந்தைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் அந்த நாட்களில் தலைசுற்றி விழப்போவது நாம்தான், அவர்கள் இல்லை. ஆய்வில் நமக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைக்கவும் வாய்ப்புண்டு. சரி, கையெழுத்துப் போட்டாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.