மூன்றாம் பாத்தி

29-10-2024, செவ்வாய்
400 மல்லிகைக் குச்சி நட்டாயிற்று. ராமேஸ்வரத்தில் கரையிலும் திண்ணையிலும் படுப்பவர்களில் ஐந்து பேர் கூலிக்கு வந்தார்கள். பெரியவர் மட்டும் குச்சியை வெட்டிய உடனே ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சாண் நீளம், மூன்று கணு, அடிக்கணுவுக்குக் கீழே சரிவான வெட்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மல்லிகைக் கன்றுதான் பிழைப்பு. என் கையே இவ்வளவு சுத்தமாக வெட்டாது.

31-10-2024, வியாழன்
தீபாவளி. அக்னி தீர்த்தக் கரையில் படுத்திருப்பவர்களுக்குப் பொட்டலம் கொடுக்க மூன்று கூட்டம் வந்து போனதாம். நாளைக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

02-11-2024, சனி
கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், காற்று நிற்கவிடவில்லை. மகதலா மரியா கல்லறையருகே உயிர்த்த இயேசுவைப் பார்த்துவிட்டு அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாளே, அதுதான் இன்று முழுவதும் மனதில் ஓடுகிறது. ஏன் தோட்டக்காரர்? கையில் மண் இருந்ததா?

சிஸ்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

05-11-2024, செவ்வாய்
பெரியவர் பெயர் இன்னும் சொல்லவில்லை. கூலி நோட்டில் "அய்யா" என்றே எழுதுகிறேன். என்னை ஆத்தா என்கிறார். கொடிக்காலில் வேலை பார்த்தவர் என்பது மட்டும் இன்று தெரிந்தது. வெற்றிலைக் கொடி கட்டிய விரல்கள், அதனால்தான் அந்த வெட்டு. எந்த ஊர் என்றதற்கு எழுந்து தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பங்குப் பேரவையில், அதாவது சர்ச் நிர்வாகக் கூட்டத்தில், மறுபடியும் அதே கேள்வி. சாப்பாடு போட்டால் போதாதா, தோட்டம் எதற்கு, கூலி எதற்கு? எனக்குப் பேச்சு வராது. சோறு வாங்கியவர் கையைக் கழுவிவிட்டு அதே திண்ணைக்குத்தான் போகிறார். குச்சி நட்டவருக்கு மறுநாள் காலையில் போக ஓர் இடம் இருக்கிறது, அவர் வராவிட்டால் பாத்தி காய்கிறது. இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் வார்த்தை கிடைக்கிறது.

07-11-2024
ஆடு. பனைமட்டை வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து முதல் பாத்தியில் கால் பங்கு போயிற்று.

09-11-2024, சனி
இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

பெரியவர் மூன்றாம் பாத்தி ஓரத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம், கிழக்கே ஓடைப்பக்கம் சரிவு. எதற்கு என்றேன். "தண்ணி நிக்கும் ஆத்தா. ரோடு ஏறிப்போச்சு பாத்தியா, தண்ணிக்குப் போக்கு எங்க?" என்றார். இது கொடிக்கால் களிமண் இல்லை, மணல், ஒரு குடம் ஊற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் இழுத்துவிடும் என்றேன். அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்தார். நான்கு பேர் முன்னால், "சொன்ன வேலையை மட்டும் பாருங்க அய்யா" என்று சொல்லிவிட்டேன்.

மண்வெட்டியை ஊற்றுக்குழியில் கழுவி, சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் கூலியை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

11-11-2024
வரவில்லை.

13-11-2024, புதன்
இன்றும் இல்லை. புது ரயில் பாலத்தில் அதிகாரிகள் சோதனை என்று ஊரே பாம்பன் பக்கம் பார்க்கிறது. 2022 டிசம்பரிலிருந்து ரயில் மண்டபத்தோடு சரி. தீவைவிட்டுப் போவதென்றால் பஸ்தான், அதனால் கண்டக்டர்களிடம் விசாரிக்கலாம். வெள்ளைத் துண்டு, இடது காதில் கடுக்கன் இருந்த துளை. அடையாளம் என்று சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை.

17-11-2024, ஞாயிறு
பூசை முடிந்து ராமேஸ்வரம் போனேன். பஸ் ஸ்டாண்ட், கோயிலின் நான்கு வீதி, அக்னி தீர்த்தம். அவர் படுக்கிற இடத்தில் வேறு ஒருவர். என் கோபத்தை ஆண்டவர் மன்னிக்கலாம். அய்யாவிடம் யார் போய்க் கேட்பது?

20-11-2024, புதன்
மழை இல்லை இது. வானம் கொட்டுகிறது. மதியம் பாத்திகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கரண்ட் இல்லை.

21-11-2024, வியாழன்
ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் என்கிறார்கள். அப்பா காலத்துப் பேச்சில்கூட இப்படி ஒன்று கேட்டதில்லை.

மணல் இழுக்கவில்லை. அடியில் ஊற்று மேலே ஏறி வந்துவிட்டது, மேலிருந்து வந்த தண்ணீர் எங்கே போகும்? ரோட்டுப் பக்கம் அடைப்பு. முதல் பாத்தியும் இரண்டாம் பாத்தியும் குளமாக நிற்கின்றன. இடுப்பு வளைத்து வாளியால் இறைத்தோம், இறைக்க இறைக்க ஊறுகிறது.

மூன்றாம் பாத்தி தலை தெரிய நிற்கிறது. அவர் பாதி வெட்டிவிட்ட வாய்க்கால். பாதிதான். அதில் தண்ணீர் சலசலவென்று ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மீதியை நானே வெட்டினேன். கை கொப்புளம்.

நேற்று அவர் எங்கே படுத்தார்?

23-11-2024
முதல் இரண்டும் அழுகல். தொட்டால் பட்டை தோலாக உரிகிறது. 260 குச்சி.

26-11-2024, செவ்வாய்
மறுபடி எச்சரிக்கை, மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடாமலேயே ஒருவர் இரண்டாம் பாத்திக்கும் வாய்க்கால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மண்ணை அள்ளிப் போட்டேன்.

01-12-2024, ஞாயிறு
திருவருகைக்கால முதல் ஞாயிறு. காத்திருங்கள், விழித்திருங்கள் என்று சாமி பிரசங்கம் வைத்தார். பின்வரிசையில் வெள்ளைத் துண்டோடு ஒருவர் இருந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இல்லை.

தோட்டக்காரர் என்று நினைத்து. எல்லாரையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

03-12-2024, செவ்வாய்
ஒரு கண்டக்டர் சொன்னார்: மழைக்கு நாலைந்து நாள் முன்னால் ஒரு பெரியவரை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டாராம், ஏர்வாடிக்கு எந்த பஸ் என்று கேட்டாராம். காது? காதைக் கவனிக்கவில்லையாம். தர்காவைச் சுற்றி எத்தனையோ பேர் தங்குகிற இடம், எப்படித் தேடுவது? சிஸ்டர் கூட வருகிறேன் என்றார். தனியாகப் போவதுதான் சரி என்று பட்டது. திட்டினது நான்.

மூன்றாம் பாத்தியில் ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். அடிக்கணுவில், அந்தச் சரிவு வெட்டுக்குச் சற்று மேலே, அரிசிமுனை போல மூன்று வெள்ளை வேர். ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். கூலி நோட்டில் அவருக்கு இரண்டு நாள் பாக்கி, அதையும் தனியாக எடுத்து வைத்தாயிற்று.

முதல் பஸ் ஐந்தே முக்காலுக்காம். குடை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.