நூல் கரையும் கணக்கு வேறு, தோல் ஆறும் கணக்கு வேறு

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அழகு அறுவை சிகிச்சை முடித்து ஊர் திரும்புகிறவர்கள் டிரெஸ்ஸிங் மாற்ற எங்கள் கிளினிக்குக்குத்தான் வருகிறார்கள். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றைச் சரிசெய்தவர்கள் ஒரு வகை. கனத்த தோடு இழுத்துக் கிழிந்த காதைத் தைத்துக்கொண்டவர்கள் இன்னொரு வகை. மார்பகக் குறைப்பு, கண்ணிமை, மச்சம் எடுத்தது என்று மற்றவையும் அவ்வப்போது வரும். நர்ஸ்களான எங்களிடம் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "மிஸி, தையல் எப்போ பிரிப்பீங்க?" பிரிக்க வேண்டாம், தானே கரைந்துவிடும் என்றதும் முகம் மலர்ந்துவிடுகிறது. கரைந்துவிட்டால் காயம் ஆறிவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுவது அந்த நிமிடத்தில்தான்.

கரையும் நூல் எல்லாம் ஒன்றல்ல. டிஸ்சார்ஜ் கடிதத்தில் நூலின் பெயர் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு காயம் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. அதிகம் கண்ணில் படுவது மூன்று. விக்ரில் என்ற பின்னல் நூல் இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு பலத்தோடு இருக்கும், மூன்று வாரத்தில் பாதி, நான்கு வாரத்தில் கால். முழுசாக மறைய 56 முதல் 70 நாள் ஆகும். மோனோகிரில் ஒற்றை இழை, வழவழப்பு. தோலுக்கு அடியில் நீளமாக ஓடும் தையலுக்கு இதைத்தான் விரும்புவார்கள். ஒரு வாரத்திலேயே பாதிக்குச் சற்று மேல்தான் பலம், மூன்று வாரத்தில் ஒன்றுமில்லை. ஆனால் நூல் உடம்பை விட்டுப் போக 91 முதல் 119 நாள் பிடிக்கும். மூன்றாவது நூலான பி.டி.எஸ். நிதானமானது: நான்கு வாரத்திலும் ஏறக்குறைய பாதி பலம் நிற்கும், மறைய ஆறு மாதத்துக்கு மேல். இழுவிசை அதிகமுள்ள அடி அடுக்குக்கு அதைப் போடுவது இதனால்தான்.

இப்போது தோலின் பக்கம் பாருங்கள். ஒரு வாரத்தில் காயத்தின் பலம் பழைய தோலில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மூன்று வாரத்தில் 20, 30 விழுக்காடு. மூன்று மாதத்தில் 80. அதற்கு மேல் ஏறாது; தழும்பு ஒருநாளும் பழைய தோல் ஆகாது. ஆக மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை நூலும் தளர்ந்திருக்கும், தோலும் தேறியிருக்காது. வெளியே பார்த்தால் கோடு அழகாக மூடியிருக்கும், வலியும் குறைந்திருக்கும். எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போவதும் அப்போதுதான்.

வயிற்று அறுவைக்குப் பிறகு ஆறு வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். வீட்டு கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) உள்ள எரிவாயு மட்டுமே 14 கிலோ, இரும்பின் எடை தனி. அரிசி மூட்டை 10 கிலோ. ஒரு செம்பனைக் குலை 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவருக்குத் தூக்கும் எடை குறைவு என்றாலும் குனிந்து, இடுப்பைத் திருப்பி, மரத்துக்கு மரம் நடக்கிற வேலை. அது அடிவயிற்றுக் கோட்டை இரண்டு பக்கமும் இழுக்கும். மேனேஜரிடம் காட்ட, "இலகுவான வேலை" என்று தேதியோடு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து குலுங்குவதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று அப்போது அறுவைக்கு நாள் குறிப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம் வந்துவிடும். பால்குடம் தலையில், பத்துமலையில் 272 படி, அதுவும் அந்தக் கூட்டத்தில். காவடி என்றால் பாரம் முழுதும் இடுப்புப் பட்டையில்தான் இறங்கும். நேர்த்திக்கடன் இருக்கிறவர்கள் ஒன்று அறுவையைப் பூசத்துக்குப் பின்னால் தள்ளுங்கள், இல்லை கடனை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் இரண்டு நாள் கட்டு நனையக்கூடாது. பிறகு அறுவை மருத்துவர் அனுமதித்தால் ஓடுகிற தண்ணீரில் குளிக்கலாம்: சாதாரண சோப்பு, காயத்தின் மேல் நுரை வழிந்தால் போதும், தேய்க்கக்கூடாது. சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, மடிப்புள்ள இடத்தில் மின்விசிறிக் காற்று பட விடுங்கள். தொட்டியில் ஊறுவது, ஆறு, நீச்சல் குளம் எல்லாம் காயம் முழுசாக மூடிய பிறகு. மேலே ஒட்டியுள்ள மெல்லிய காகித டேப்பைப் பிய்க்காதீர்கள். ஓரம் சுருண்டால் சுருண்ட அளவு மட்டும் கத்தரித்துவிடலாம். டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள் பற்று, காமாட் (கடல் அட்டை) எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். மெல்லிய வாஸ்லின் பூச்சு போதும். கட்டுக்கு அடியில் நீளச்சதுரமாக, ஓரம் கோடு போட்ட மாதிரி சிவந்து அரித்தால் அது கிருமி இல்லை, பிளாஸ்டர் ஒவ்வாமை. வேறு டேப் மாற்றினால் அடங்கும். ஆன்டிபயாட்டிக் களிம்பில் உள்ள நியோமைசினும் இப்படி அரிக்க வைக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிகம் பார்ப்பது வேறு. வயிற்று மடிப்பிலும் மார்பின் அடியிலும் வியர்வை தேங்கி, தையல் ஓரத்துத் தோல் வெளுத்து ஊறிப்போகும். ஊறிய தோல் பிரியும். மடிப்புக்குள் உலர்ந்த காஸ் துணி வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள்; பருத்தி உள்ளாடை மட்டும். மார்பகக் குறைப்பில் மூன்று கோடுகள் சந்திக்கும் முனைக்கு இரத்த ஓட்டம் குறைவு, பிரிந்தால் அங்கேதான் முதலில் பிரியும். விரல் நுனி அளவு திறந்திருந்தால் மறுபடி தைக்கமாட்டார்கள். டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டே இருந்தால் சில வாரத்தில் அடியிலிருந்து நிரம்பி மூடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதத்துக்குள் பலரைப் பயமுறுத்துவது நூல் துப்புவது. தழும்புக் கோட்டில் ஒரு பரு தோன்றும், அடி சிவப்பு, நுனி வெள்ளை. சுற்றியுள்ள தோல் சுடாது, காய்ச்சல் இருக்காது. இரண்டு மூன்று நாளில் நுனி உடைந்து ஒரு துளி சீழ் வரும். உள்ளே மீன்முள் மாதிரி ஒரு நூல் முனை தெரியும், சாயமேற்றிய நூல் என்றால் ஊதா நிறத்தில். தோலுக்கு மிக அருகில் விழுந்த முடிச்சை உடம்பு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். சுத்தமான இடுக்கியால் முனையைப் பிடித்து லேசாக இழுத்து, தோலோடு ஒட்டக் கத்தரித்துவிட்டால் மீதி உள்ளே போய்விடும். முடிச்சே கையோடு வந்துவிட்டால் பரு சில நாளில் வற்றிவிடும். வரவில்லையென்றால் வலிந்து இழுக்க மாட்டோம். வீட்டில் தையல் பெட்டிக் கத்தரிக்கோலை எடுத்து இதைச் செய்யாதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் வால் ஏன் கரையவில்லை என்றும் கேட்பார்கள்: உடம்பின் ஈரம் பட்டால்தான் இந்த நூல்கள் கரையும், காற்றில் காய்ந்து நிற்கும் பகுதி அப்படியேதான் இருக்கும்.

கிருமித் தொற்றின் முகம் வேறு. சிவப்பு பரவும், தொட்டால் சுடும், வலி குறைவதற்குப் பதில் கூடும், வாடை வரும், காய்ச்சல் 38 டிகிரியைத் தொடும். சந்தேகம் இருந்தால் சிவப்பின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றைத் தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி அலை ஓடினால் உள்ளே நிணநீர் தேங்கியிருக்கிறது, ஊசி வைத்து எடுக்க வேண்டியிருக்கும். நீர் வடியக் குழாய் போட்டிருந்தால், வடிந்ததைக் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். ஒற்றைக் காலில் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது தையல் பிரச்சினையே இல்லை, இரத்தக் கட்டியாக இருக்கலாம். கிளினிக்குக்கு வராமல் நேராக 999.

சாப்பாட்டில் பந்தாங், அதாவது பத்தியம், பார்ப்பது நம் வீடுகளிலும் ஊறிவிட்டது. முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கோழி அரிக்கும் என்று வெறும் ரசச் சோற்றில் படுக்க வைத்துவிடுகிறார்கள். காயம் மூடப் புரதம் வேண்டும்: 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், உள்ளங்கை அளவு மீன் துண்டில் 20 கிராம் போல. பசாரில் கிடைக்கும் ஹாருவான், நம் விரால்தான், சூப் வைத்துத் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எண்ணை 8க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். 2023 தேசியக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அதைவிட அதிகம். சிகரெட் அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரம் கூடாது.

தழும்புக்குக் கடையில் விற்கும் எண்ணெய்களைவிட சிலிகான் ஜெல் அல்லது ஷீட் மேல். பொருக்கு உதிர்ந்து தோல் மூடிய பின் ஆரம்பித்து, ஷீட் என்றால் நாளுக்கு 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதத்துக்குக் குறையாமல். வெயில் படும் இடத்தில் எஸ்.பி.எஃப். 30 வெயில்காப்புக் களிம்பு பூசுங்கள், நம் நிறத்துக்குத் தழும்பு கறுத்துப்போவது சீக்கிரம். காயத்தின் கோட்டுக்குள்ளேயே தடித்தால் அது பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கெலாய்டு. ஆரம்பத்திலேயே காட்டினால் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக் கட்டுப்படுத்தலாம்.

கெலாய்டு நெஞ்சிலும் தோளிலும் காதிலும் அதிகம் வரும் என்பதால் காது தைத்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வெளியே போட்டது நைலான் நூல் என்றால் கரையாது, ஒரு வாரம் போலப் பிரிக்க வர வேண்டும். குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி குத்தலாம், தழும்பின் மேல் குத்தாமல் ஓரமாக. அங்கேயே குத்தினால் அதே கோட்டில் கிழியும். குத்திய பிறகு முதல் ஆறு வாரம் சின்னப் பொட்டுத் தோடு. கல்யாணத்துக்கு ஜிமிக்கி போட்டே ஆகவேண்டும் என்றால் மாட்டல் சேர்த்து எடையைக் கூந்தலில் ஏற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.