நுரையோடு ஏறும் செம்பு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் மின்முலாம் பூசும் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், கழுவுநீரில் கரைந்து போகும் செம்பை மீட்க வழியுண்டா என்று கேட்டார். உண்டு, 1959இல் ஃபெலிக்ஸ் செப்பா விளக்கிய அயனி மிதப்பு முறை அதற்கானதே. சோடியம் டோடெசில் சல்ஃபேட் போன்ற பரப்புச் செயலி (ஷாம்பூவில் நுரைப்பதும் இதன் உறவுக்காரர்தான்) எதிர்மின்சுமை கொண்ட தன் தலையால் செம்பு அயனியை ஈர்த்து, நீரை வெறுக்கும் வாலைக் காற்றுக்குமிழிக்குள் நீட்டியபடி மேலே ஏற, கழுவுநீர் நிரப்பிய குழாயின் உச்சியில் திரளும் நுரையை வழித்தெடுத்து, அமிலத்தைக் கொண்டு உலோகத்தைப் பிரிக்கலாம். ஆனால் பரப்புச் செயலியின் அளவு முக்கியம்: தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோலைத் தாண்டினால், அதன் மூலக்கூறுகள் மிசெல்கள் எனும் நுண்கொத்துகளாகத் திரண்டு உலோகத்தை நீருக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும், அந்நிலையில் குமிழியை விட்டுவிட்டு, மிசெல்லைத் தடுத்து நிறுத்தும் நுண்சவ்வை நாடுவதே சரியென்பேன். கால்சியம் மிகுந்த நீருக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்புக்குரிய இடத்தைக் கால்சியமும் பங்குபோட்டுக்கொள்ளும்.